கியாம்பாங் விட்ட தண்ணீர் பூச்சி தின்னும் செடிகளுக்கு ஆகுமா?

கெப்போங் சரவணன்

வணக்கம். என்னிடம் பெரியோக் கெரா (நெப்பந்திஸ்னு சொல்ற குடுவைச் செடி), டிரோசெரா, வீனஸ் ஃப்ளைட்ராப் எல்லாம் இருக்கு. இதுங்களுக்கு உப்பு இல்லாத தண்ணீர் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். கடையில் வடிநீர் வாங்கிக் கட்டுப்படியாகல. அதனால வீட்டு முன்னால ஒரு தோங்கில் (பீப்பாயில்) குழாய்த் தண்ணீர் பிடிச்சு, மேலே மிதக்கிற செடிங்களான கியாம்பாங்கும் (சால்வினியா) ஆகாயத்தாமரையும் (பிஸ்டியா) விட்டிருக்கேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கு. மீன் தொட்டிக்கு வாங்கின நைட்ரேட் சோதனைத் திரவத்தை விட்டுப் பார்த்தேன், நிறமே மாறல. கழிவுநீரையே இந்தச் செடிகளை வச்சுச் சுத்தம் பண்றாங்க, குழாய்த் தண்ணீரைப் பண்ணாதா? எல்லாச் செடிக்கும் இதையே ஊத்தலாம்னு நான் சொல்றேன். மாற்றுக் கருத்து இருந்தா காரணத்தோட சொல்லுங்க.

ஆயர் ஈத்தாம் தேவி

தம்பி, தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

நைட்ரேட் போய்விட்டது என்பதை நான் மறுக்கவில்லை. மிதக்கும் செடிக்கு அதுதானே சாப்பாடு. அம்மோனியம், நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் இவற்றை அது வேகமாக இழுக்கும். கழிவுநீர்க் குளங்களில் அதை வளர்ப்பதும் இதற்காகத்தான். ஆனால் குழாய்த் தண்ணீரில் நாம் பயப்படுவது கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட். நைட்ரேட் சோதனை இவற்றில் ஒன்றைப் பற்றியும் வாய் திறக்காது. கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, ஆவியாதல். 40 லிட்டர் தோங், மீட்டர் 50 காட்டுகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம், மொத்தம் 2,000. வெயிலில் பாதித் தண்ணீர் போனால் மிச்சம் 20 லிட்டரில் அதே 2,000, மீட்டர் 100 காட்டும். மறுபடி குழாயைத் திறந்து நிரப்பினால் இன்னும் 1,000 சேர்ந்து 75-இல் நிற்கும். அடுத்த முறை நிரப்பும்போது 100. போகப் போக ஏறும். ஆகாயத்தாமரை தன் இலை வழியாகவும் நீரை வெளியே விடுகிற செடி என்பதை மறக்க வேண்டாம்.

கெப்போங் சரவணன்

அக்கா, உங்க கணக்கில் செடி உப்பை எடுக்கிறதே இல்ல. அது சரியா? ஆகாயத்தாமரை சேம்பு குடும்பம். சேம்பு இலை நாக்கை அரிக்கிறதே அதுக்குள்ள இருக்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால்தான். அந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது? தண்ணீரில் இருந்துதானே? நான் பெருகினதைக் கைநிறைய அள்ளி வெளியே எடுக்கிறேன். அதோட கால்சியமும் போகுது. அப்புறம், எங்க ஏரியாவில் குழாய்த் தண்ணீரே மென்மையானது. மீட்டர் 45-தான் காட்டுது. 50-க்குக் கீழே இருந்தா போதும்னு இந்தச் செடி வளர்க்கிறவங்க எல்லாரும் சொல்றாங்க.

ஆயர் ஈத்தாம் தேவி

நல்ல கேள்வி, இதைத்தான் பேச வேண்டும். செடி கால்சியத்தை எடுக்கும், உண்மை. ஆனால் வளர்ந்தால்தான் எடுக்கும். வளர்ச்சியை நிர்ணயிப்பது எந்தச் சத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அதுதான் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் எழுதி வைத்த விதி இங்கே அப்படியே பொருந்தும். உங்கள் குழாய்த் தண்ணீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் கொஞ்சம்தான். அது தீர்ந்ததும் கியாம்பாங் வெளுக்கும், வேர் நீளும், பெருகுவது நின்றுவிடும். நின்ற செடி கால்சியத்தை என்ன செய்யும்? தொடர்ந்து அள்ளி எடுக்க வேண்டுமானால் நீங்கள் உரம் போட வேண்டும். பூச்சி தின்னும் செடிக்கு ஊற்றப்போகும் தண்ணீரில் உரமா?

சோடியத்தையும் குளோரைடையும் செடி மிகச் சொற்பமாகத்தான் தொடும். அழுகும் இலையை அப்படியே விட்டால் எடுத்த சத்தும் தண்ணீருக்கே திரும்பிவிடும்.

45 காட்டுகிற குழாய் உங்களுக்குக் கிடைத்த வரம். அதை நேராகவே ஊற்றலாமே, தோங்கில் வைத்து ஏன் கெட்டிப்படுத்துகிறீர்கள்?

செபராங் ஜெயா மோகன்

தேவி அக்கா, நீங்க சட்டி வச்சு வளர்க்கிற செடிகளை மட்டும் மனசில் வச்சுப் பேசறீங்க. தண்ணீருக்குள்ளேயே வாழ்கிற உட்ரிகுலேரியாவை விட்டுட்டீங்க. நான் அதைத் தொட்டியில் வளர்க்கிறேன். அதுக்கு வேரே கிடையாது, உடம்பு முழுக்கத் தண்ணீரில் கிடக்கும். அதைக் கொல்றது கால்சியம் இல்ல, நூல் பாசி. ஒருதரம் சுத்திக்கிட்டா பிரிச்சு எடுக்கவே முடியாது. கியாம்பாங் பாசிக்கு முன்னால நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எடுத்துக்குது, மேலே நிழலும் தருது. என் தொட்டி தெளிவா நிற்கிறதுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்வேன். ஆல்ட்ரோவாண்டான்னு இன்னொரு நீர்வாழ் பூச்சி தின்னிச் செடி வளர்க்கிறவங்களும் தண்ணீரில் துணைச் செடி வைக்கிறதுக்கு இதேதான் காரணம்.

ஆயர் ஈத்தாம் தேவி

மோகன், அதில் எனக்கு உங்களோடு சண்டையே இல்லை. நீர்வாழ் இனங்களுக்கு மிதக்கும் செடி உதவும், அதுவும் மழைநீரில். முழுப்பரப்பையும் மூடவிடாமல் பாதியாவது திறந்து வையுங்கள், இல்லையென்றால் உட்ரிகுலேரியா வெளிச்சமின்றி மெலிந்துவிடும். சரவணன் தம்பி கேட்டது குழாய்த் தண்ணீரைச் சட்டிச் செடிக்கு ஏற்றதாக மாற்றுவதைப் பற்றி. அது வேறு.

அசோலாவை மட்டும் யாரும் விட வேண்டாம். அதன் இலைக்குள் இருக்கும் நீலப்பச்சைப்பாசி காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் சேர்க்கும். வயலுக்கு உரமாகப் போடுவதே அதனால்தான். நமக்கு நேர் எதிரான வேலை.

செந்தூல் பெருமாள்

பிள்ளைகளே, நான் சுகாதார வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். உப்பைப் பற்றி நீங்கள் பேசுங்கள். வீட்டு முன்னால் திறந்த தோங்கு என்றதுமே எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஏடிஸ் புழு இருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு. டிங்கிக் காய்ச்சலை நினைத்தால் அந்தப் பணம் பெரிதே இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. மான்சோனியா என்ற கொசுவின் புழு மூச்சு விட மேலே வராது. ஆகாயத்தாமரை போன்ற செடிகளின் வேரைக் குத்தி அதிலிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாது. இந்த நாட்டில் யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் அதுவும் ஒன்று. வேரை உதறித் தட்டில் போட்டுப் பாருங்கள். தோங்கின் வாயில் நெருக்கமான கண்ணுள்ள வலையைக் கட்டுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்தான பி.டி.ஐ. போடலாம், அது செடியைக் கெடுக்காது.

செபராங் ஜெயா மோகன்

ஐயா சொல்றது சரி. வலைக்குப் பதிலா கப்பி மீன் விடுவாங்க சிலர், அது வேண்டாம். மீன் கழிவு அம்மோனியாவாகும். அள்ளின கியாம்பாங்கை லொங்காங்கில் (சாக்கடையில்) கொட்டாதீங்க. சால்வினியா மொலெஸ்டா பிரேசில்ல இருந்து வந்த செடி, துண்டு விழுந்தாலே பெருகும். வெயிலில் காயவச்சு ரோஜாவுக்குப் போடுங்க.

கெப்போங் சரவணன்

பெருமாள் ஐயா, வலை கட்டிடறேன். நன்றி.

அக்கா, டிரோசெராவும் ஃப்ளைட்ராப்பும் தண்ணீர் வச்ச தட்டில் நிற்கிற செடிங்க. சட்டி மேலே ஆவியாகி உப்பு தங்கும்னு ஒத்துக்கறேன், அதுக்கு மழைநீர். ஆனா பெரியோக் கெராவை நான் தட்டில் நிறுத்தறதில்ல. மேலிருந்து ஊத்தி அடியில் ஓட விடறேன். அதுக்கு என் தோங்குத் தண்ணீர் போதும். மீட்டர் 60 தாண்டினா கொட்டிடுவேன்.

ஆயர் ஈத்தாம் தேவி

அந்த நிபந்தனையோடு நெப்பந்திஸ் தாங்கும். அதைத் தாங்க வைப்பது உங்கள் மென்மையான குழாய்த் தண்ணீரும் அடியில் ஓட விடுவதும். கியாம்பாங்குக்கு அந்தப் பெயரைக் கொடுக்காதீர்கள் என்றுதான் இவ்வளவு நேரம் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீர் வைத்திருக்கும் ஒருவர் நாலு செடியை மிதக்க விட்டு நம்பி ஊற்றினால் என்ன ஆகும்?

எங்கள் பினாங்குக் கொடிமலையில் வெள்ளை வளையம் போட்ட நெப்பந்திஸ் ஆல்போமார்ஜினாட்டா தானாக வளர்கிறது. அங்கே மண்ணில் சத்தே இல்லை, பெய்வது மழை மட்டும். நமக்கும் அதே மழைதானே பெய்கிறது! 10 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர். கோலாலம்பூரில் சாயங்கால இடிமழை ஒன்றுக்கே அது கிடைக்கும். முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள். மூடி போட்டு இருட்டில் வைத்தால் பாசியும் வராது, கொசுவும் வராது, கியாம்பாங்கும் வேண்டியதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் மலர்

நான் 14-ஆவது மாடி, கூரை இல்ல. ஏர்கோன் தண்ணீர் ஆகுமா?

ஆயர் ஈத்தாம் தேவி

காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பு மிகக் குறைவு. சர்வீஸ் செய்த பிறகு சில நாள் வருவதைக் கொட்டிவிடுங்கள், கழுவிய மருந்து கலந்திருக்கும்.

கெப்போங் சரவணன்

அக்கா, எனக்கு இன்னும் முழுசா மனசு ஒப்பல. பக்கத்திலேயே கியாம்பாங் இல்லாத ஒரு தோங்கு வைக்கிறேன். ரெண்டிலும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே வெயில். மீட்டர் எண்ணை இங்கேயே போடறேன்.

ஆயர் ஈத்தாம் தேவி

வையுங்கள், எனக்கும் பார்க்க வேண்டும். நிரப்பும் தண்ணீரை மட்டும் அளந்து ஊற்றி அதையும் எழுதுங்கள். ரெண்டு தோங்கிலும் ஆவியாகும் அளவு ஒன்றாக இருக்காது.