பிட்புல் ‘உட்கார்’ என்றால் உட்காருகிறது, அது போதுமா?

புதுக்குடி (எச்.எஸ்.ஆர். லேஅவுட், பெங்களூரு):
எங்கள் வீட்டு பிட்புல்லுக்கு எட்டு மாதம் ஆகிறது. நான்காவது மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்குள் ‘உட்கார்’ என்றால் உட்காருகிறது, கேட்டால் காலைத் தருகிறது. தெருவில் இறங்கிவிட்டால் நான் யாரோ, அது யாரோ. மூலைக்கு மூலை தெருநாய், ஒவ்வொன்றையும் நோக்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்கிறது. ஒரு பயிற்சியாளர், இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் சங்கிலி போடச் சொல்கிறார், இன்னொருவர் அதைத் தொடவே கூடாது என்கிறார். குடியிருப்புச் சங்கத்தில் ஏற்கெனவே முணுமுணுப்பு. எதிலிருந்து தொடங்குவது?

பழைய பட்டாளம் (ஹலசூரு):
சங்கிலிதான், அதில் என்ன சந்தேகம்? எசமான் யார் என்று நாய்க்கு முதலில் தெரிய வேண்டும் அம்மா. கூட்டமாக வாழும் பிராணி அது. கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு. நீங்கள் வாசலைத் தாண்டிய பிறகுதான் அது தாண்ட வேண்டும், நீங்கள் சாப்பிட்ட பிறகுதான் அது சாப்பிட வேண்டும். இழுத்தால் ஒரு சுண்டு சுண்டுங்கள், புரிந்துகொள்ளும். ராணுவ நாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன். ஈரலைக் காட்டிக் கெஞ்சி வளர்த்த நாய், ஈரல் தீர்ந்த அன்று யார் பேச்சையும் கேட்காது.

வாலாட்டி (ஃப்ரேசர் டவுன்):
ஐயா, அந்தத் தலைவன் கதையின் மூலம் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர், அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று அறிமுகமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் விட்டால் சண்டை வராமல் என்ன செய்யும்? அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999இல் எழுதினார். அவரே விட்டுவிட்டதை நாம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

சங்கிலியைச் சுண்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாயின் கண் தெருநாய்மேல் இருக்கிறது, அந்த நொடியில் கழுத்து நெரிகிறது. தெருநாய் வந்தால் வலி வரும் என்பதுதான் அது படிக்கும் பாடம். உறுமியதற்கும் அடித்தால் உறுமலை விட்டுவிடும். கோபம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். பிட்புல்லிடம் போய் எச்சரிக்கையைப் பிடுங்கிக்கொள்வது புத்திசாலித்தனமா?

புதுக்குடி, உங்கள் நாய்க்கு ‘உட்கார்’ தெரியும், ஆனால் வரவேற்பறையில் மட்டும். தெருவில் அது அதற்குப் புதுப்பாடம். தெருநாய் தெரிய வேண்டும், ஆனால் உங்கள் நாய் இன்னும் உங்கள் கையிலிருந்து தின்ன வேண்டும், அவ்வளவு தூரத்தில் நில்லுங்கள். ஈரலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையென்றால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், பின்வாங்குங்கள். அது தெருநாயைப் பார்த்ததும் பெயரைச் சொல்லுங்கள். திரும்பினால் அந்த நொடியே ‘சபாஷ்’, உடனே ஒரு துண்டு. சில நிமிடம் போதும், அலுக்கும்முன் நிறுத்துங்கள். நாள்தோறும் ஒரே தெரு வேண்டாம்.

மூன்றாம் மாடி (பெல்லந்தூர்):
நீங்கள் இருவரும் சங்கிலியா ஈரலா என்று அடித்துக்கொள்கிறீர்கள். என் கேள்வி வேறு. நாலரை அடி அகல லிஃப்ட்டில் என் மகளோடு நிற்கும்போது கதவு திறந்து இந்த மாதிரி நாய் ஒன்று உள்ளே வருகிறது. ‘பயப்படாதீர்கள், உட்கார் என்றால் உட்காரும்’ என்கிறார்கள். சர்க்கஸ் சிங்கமும்தான் முக்காலியில் உட்காரும்.

2022 ஜூலையில் லக்னோவில் 82 வயது மூதாட்டியைக் கொன்றது தெருநாயில்லை, அந்த வீட்டிலேயே வளர்ந்த பிட்புல். அதற்குக் கட்டளை தெரியுமா தெரியாதா என்று இப்போது யாரைக் கேட்பது? சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம். பிரிட்டனில் 1991 முதல் தடை. இங்கும் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைப் பட்டியலிட்டு இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னது.

கப்பன் பார்க் நடையர்:
சொன்னது, சரி. அந்தச் சுற்றறிக்கையை ஏப்ரலிலேயே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழக்குப் போட்டதே பெங்களூருக்காரர்கள்தான். சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் பிறப்பித்தது என்பது ஒரு காரணம்.

மூன்றாம் மாடி:
கலந்து பேசவில்லை என்றுதானே ரத்து செய்தார்கள்? நாய் சாது என்று தீர்ப்பில் எழுதவில்லையே.

வாலாட்டி:
மூன்றாம் மாடி, உங்கள் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் தகவலைப் பிரித்துப் பார்ப்போம். பிட்புல்லின் தாடை பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, அப்படி எந்தப் பூட்டும் எலும்பில் இல்லை. கவ்வினால் விடாமல் உலுக்கும் குணம் உண்டு, அதை மறுக்கவில்லை. பிரிட்டனில் 1835இல் காளைமேல் நாயை ஏவும் விளையாட்டைத் தடை செய்த பிறகு, அதே வகை நாய்கள் நாய்ச் சண்டைக்குப் போயின. ஆக, மற்ற நாயைக் கண்டால் சீறும் போக்கு ரத்தத்தில் கொஞ்சம் இருக்கிறது. மனிதனைக் கடிப்பது வேறு சங்கதி. குட்டிப் பருவத்தில் மனிதர்களோடு பழகாமை, நாள் முழுக்கக் கட்டிப்போடுவது, அடி, இவையெல்லாம் சேர்ந்து வருவது அது. எந்த இனத்திலும் வரும்.

மூன்றாம் மாடி:
பொமரேனியனும் கடிக்கும், தெரியும். பொமரேனியன் கடித்தால் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவேன். இன்னொன்று. இந்த நாய்க்கு வயது எட்டு மாதம். மற்ற நாய்களோடு சண்டைக்குப் போகும் குணம் பல நாய்களுக்கு ஒன்றரை, இரண்டு வயதில்தான் தலைதூக்குகிறது. ‘குட்டியிலிருந்து எல்லாரோடும் விளையாடியது’ என்று சான்றிதழ் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

வாலாட்டி:
அது உண்மை. அதனால்தான் ‘உட்கார்’, ‘கை கொடு’ எல்லாம் விருந்தாளிக்குக் காட்டும் வித்தை என்கிறேன். உயிர் காக்கும் கட்டளை இரண்டு: ‘வா’, ‘விடு’.

‘விடு’ இப்படி: மூடிய கைக்குள் ஒரு பிஸ்கட். நாய் நக்கும், பிறாண்டும், மூக்கால் முட்டும். பேசாமல் இருங்கள். சலித்து மூக்கைப் பின்னுக்கு இழுக்கும் அந்தக் கணத்தில் ‘சபாஷ்’ சொல்லி, மறு கையிலிருந்து அதைவிட நல்ல துண்டு. முதல் கையில் இருந்ததை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அது பழகிய பிறகுதான் வார்த்தை. பிறகு தரையில் வைத்து, பிறகு உருளும் பந்து, கடைசியாகத்தான் தெரு. ‘வா’ என்று கூப்பிட்டு ஒருநாளும் திட்டாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். பத்து மீட்டர் நீளக் கயிற்றில் கட்டியே பழக்குங்கள்.

பழைய பட்டாளம்:
பிஸ்கட் பாடம் எல்லாம் அழகு. பாய்ந்துகொண்டிருக்கும் முப்பது கிலோ நாயை நிறுத்த அந்த நொடி கையில் என்ன இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

வாலாட்டி:
மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் பூட்டும் பட்டை. இழுத்தால் நாய் உங்கள் பக்கமே திரும்பும், கழுத்து நெரியாது. ராணுவ நாயைப் பற்றிச் சொன்னீர்களே ஐயா, அதற்கு நாள் முழுக்க ஒரே கையாளுநர், அதுவே அவர் வேலை. இவர்கள் வீட்டில் எத்தனை பேர், ஆளுக்கொரு கட்டளை என்று முதலில் கேட்போம்.

புதுக்குடி:
நான் ‘உட்கார்’ என்பேன். மகன் ‘சிட்’. வேலைக்கு வரும் அக்கா கன்னடத்தில் ‘கூத்கோ’. மாமியார் ‘அடங்கு’ என்பார், அது எதற்கு என்று எங்களுக்கே தெரியாது.

பழைய பட்டாளம்:
நாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள், எல்லாரும் அதையே சொல்லட்டும். இதில் மட்டும் நானும் வாலாட்டியும் ஒரே கட்சி.

மூன்றாம் மாடி:
எல்லாம் எழுதி ஒட்டுங்கள். லிஃப்ட்டுக்கு என்ன வழி?

கப்பன் பார்க் நடையர்:
வாய்மூடி. துணியால் வாயை இறுக்கிக் கட்டுவது வேண்டாம், இந்த வெயிலில் மூச்சு வாங்க முடியாது. கூண்டு மாதிரி உள்ளது வாங்குங்கள், அதோடு மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். வீட்டில் அதற்குள் ஈரலைத் தடவி, மூக்கைத் தானாக நுழைக்கும்வரை பொறுத்திருங்கள்.

வாலாட்டி:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டலின்படி சங்கம் வாய்மூடியை வலியுறுத்த முடியாது, லிஃப்ட் கூடாது என்றும் சொல்ல முடியாது. புதுக்குடி தாமாகச் செய்தால்தான் உண்டு.

மூன்றாம் மாடி:
வழிகாட்டல் உங்கள் பக்கம், சட்டம் என் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு: வளர்ப்பு விலங்கைக் கவனக்குறைவாக வைத்து மனிதருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம் ரூபாய்! குழந்தையின் முகத்துக்கு விலை போட்டிருக்கிறார்கள்.

புதுக்குடி:
வாய்மூடி இன்றே வாங்குகிறேன், பழகும்வரை படிக்கட்டில் இறங்குகிறேன். ஒன்று கேட்க வேண்டும். நேற்று ‘உட்கார்’ என்றேன், உட்கார்ந்தது. ஆனால் வாய் இறுக மூடி, பின்தொடை நடுங்க, கண் எதிர்வீட்டு வாசலில் படுத்திருந்த தெருநாயை விட்டு அசையவே இல்லை. அதைப் பாராட்டுவதா, வேண்டாமா?

வாலாட்டி:
பாராட்டாதீர்கள். உடம்பு உட்கார்ந்திருக்கிறது, நாய் உட்காரவில்லை. சத்தமில்லாமல் திரும்பி நடந்து தூரத்தைக் கூட்டுங்கள், கண்ணை எடுத்த பிறகு கொடுங்கள்.

பழைய பட்டாளம்:
சுண்டினால் அதே கண் அரை நொடியில் திரும்பும்.

வாலாட்டி:
திரும்பும். அடுத்த முறை அந்தத் தெருநாயைப் பார்த்ததும் இன்னும் சீக்கிரம் பாயும்.

மூன்றாம் மாடி:
புதுக்குடி, படிக்கட்டில் போகிறேன் என்றீர்களே, அது காலை ஏழரையிலிருந்து எட்டுக்குள் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் லிஃப்ட்டுக்குக் காத்திருக்காமல் அந்த வழியாகத்தான் ஓடுவார்கள்.