மிளகாய்ச் செடியில் நுனி இலைகள் சுருள்கின்றன. மருந்து தெளித்தும் குறையவில்லை

கேள்வி:
வணக்கம். தொட்டிகளில் உள்ள என் 12 மிளகாய்ச் செடிகளில் ஏழின் கொழுந்துகள் மூன்று வாரங்களாகச் சிறுத்தும் தடித்தும் சுருண்டும் வருகின்றன. அடி இலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. பூக்கள் மட்டும் உதிர்கின்றன. இலைப்பேன் என்று எண்ணி, இமிடாகுளோபிரிட் அடங்கிய பூச்சிமருந்தை ஒரு வார இடைவெளியில் இருமுறை தெளித்தேன். அதற்குப் பிறகு, நலமாக இருந்த இரண்டு செடிகளும் சுருளத் தொடங்கி, மொத்தம் ஏழாகிவிட்டன. இது வைரஸ் நோயா? செடிகளைப் பிடுங்கிவிட வேண்டுமா?

மறுமொழி 1:
அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். இலை விளிம்புகள் மேல்நோக்கி மடிகின்றனவா, கீழ்நோக்கி மடிகின்றனவா என்று முதலில் பாருங்கள். இலைப்பேன் சாற்றை உறிஞ்சினால் இலை மேல்நோக்கிக் குவியும்; கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால், மெல்லிய கீற்றுப் போன்ற பூச்சிகள் ஓடுவதும் தெரியும்.

கேட்டவர்:
கீழ்நோக்கித்தான் மடிகின்றன. கவிழ்த்து வைத்த படகைப் போல இருக்கின்றன. காம்புகளும் வழக்கத்தைவிட நீண்டுள்ளன. தாளில் தட்டிப் பார்த்தேன், எதுவும் விழவில்லை.

மறுமொழி 1:
அப்படியானால் இது பெரும்பாலும் மஞ்சள் முரணைச் சிலந்தியின் வேலை. கால் மில்லிமீட்டருக்கும் குறைவான உருவம் என்பதால் வெறும் கண்ணுக்குப் படாது. 10 மடங்கு பெருக்கிக் காட்டும் கைலென்ஸால் கொழுந்திலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், மஞ்சள் சாயலில் கண்ணாடித் துளிபோல ஊர்வது தெரியும். பெயரில் சிலந்தி இருப்பது பொருத்தமே: எட்டுக் கால் கொண்ட இது பூச்சி இனமே அன்று. ஆகையால் நீங்கள் தெளித்த மருந்து இதைக் கட்டுப்படுத்தாது. மாறாக, இதைத் தின்று வாழும் நன்மை செய்யும் உயிரிகளை அது அழித்திருக்கக்கூடும் என்பதால், பரவல் கூடியதில் வியப்பில்லை.

மிக மோசமான நுனிகளைக் கிள்ளி, பைக்குள் போட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். பின்னர் 80 சதவீத நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, இலைகளின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளியுங்கள். உறையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். வெப்பமான பருவத்தில் முட்டையிலிருந்து முதிர்ந்த சிலந்தியாக ஒரு வாரமே போதும். எனவே ஏழு நாள் கழித்து இன்னொரு முறை தெளிப்பது அவசியம்.

மறுமொழி 2:
ஓர் எச்சரிக்கையைச் சேர்க்கிறேன், ஏனெனில் நானே இப்படி நான்கு செடிகளைக் கருக்கியிருக்கிறேன். கந்தகம் தெளித்த இரண்டு வாரத்துக்குள் வேப்பெண்ணெயோ வேறு எண்ணெயோ தெளிக்காதீர்கள். கடும் வெயிலிலும் கந்தகம் வேண்டாம். வைரஸ் பற்றிய ஐயம் இருந்தால், இலை நரம்புகள் தடித்து வெளிர் மஞ்சளாகி, செடி முழுவதும் குட்டையாகிறதா என்று கவனியுங்கள். அந்நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. அதற்கு மருந்து கிடையாது, அப்போதுதான் பிடுங்க வேண்டும்.

கேட்டவர்:
நரம்புகளில் மஞ்சள் இல்லை. சுருண்ட இலைகள் மீண்டும் விரியுமா?

மறுமொழி 1:
விரியாது. பலன் கிடைத்ததா என்பதைப் பழைய இலைகளை வைத்துக் கணிக்காமல், இரண்டாம் தெளிப்புக்குப் பின் வரும் புதிய கொழுந்து தட்டையாக விரிகிறதா என்று பாருங்கள்.

கேட்டவர் (18 நாட்களுக்குப் பின்):
ஏழு செடிகளில் ஆறில் புதிய இலைகள் நேராக விரிந்துள்ளன, மொட்டும் வைத்திருக்கின்றன. ஒன்று மட்டும் நுனி கருகி நின்றுவிட்டது. அதைத் தனியே ஒதுக்கி வைத்துள்ளேன்.