கார்ன்வாலில் வீடு: முண்டிக் டெஸ்ட் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்

புதுசா வந்தவன்: இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் கேம்போர்ன் பக்கம் ஒரு வீட்டுக்கு விலை பேசி முடித்துவிட்டோம். இப்போது, சுவரின் கான்கிரீட் உதிருமா என்று பார்க்கும் முண்டிக் டெஸ்ட் இல்லாமல் கடன் கிடையாது என்கிறது வங்கி. அடியில் பழைய வெள்ளீயச் சுரங்கம் இருக்கலாம் என்று வக்கீல் வேறு சொல்கிறார். மனைவிக்கு ஏழாம் மாதம். வாங்கலாமா, விட்டுவிடலாமா?

ட்ரூரோ அக்கா: முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள் தம்பி. நான் வந்தது நவம்பரில். ஓயாத மழை, நாலரைக்கெல்லாம் இருட்டு. ஜனவரியில் அலமாரியைத் திறந்தால் கல்யாணப் புடவையின் மடிப்பு முழுக்கப் பூசணம். அன்றைக்கு அழுத அழுகை!

கேஜிஎஃப் பேரன்: சுரங்கம் என்றதும் பயப்படாதீர்கள். 1860களில் செம்பு விலை விழுந்து இந்த ஊர்க்காரர்கள் பிழைப்புத் தேடி உலகமெல்லாம் போனார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் இறங்கியதும் அங்கேயும் வந்தார்கள். வடஆற்காட்டிலிருந்து போன எங்கள் சனம் அவர்களுக்குக் கீழேதான் தங்கம் வெட்டியது. மேற்பார்வைக்காரரைத் தாத்தா 'கேப்டன்' என்பார். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, அது கார்ன்வால் சுரங்கப் பேச்சு. இங்கே சவுத் கிராஃப்டி வெள்ளீயச் சுரங்கம் 1998-இல் மூடியது, கோலார் 2001-இல். பழைய சுரங்கத்து இன்ஜின் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தால் எனக்குச் சொந்த ஊர் மாதிரிதான் இருக்கும்.

செயின்ட் ஆஸ்டல்: பயப்படத்தான் வேண்டும் அண்ணா. எங்கள் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மழைக்கு ஆள் உயரக் குழி விழுந்தது. அதோடு, வாடகைக்கு இருக்கச் சொல்வது சுலபம், வீடு எங்கே கிடைக்கிறது? கடலோரத்தில் பாதி வீடு விடுமுறைக்காரர்களுடையது. கோடையில் வாடகை ஏறுகிறது, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவருக்கு ஒரு அறை இல்லை.



சர்வே வேலை: சரி, தம்பி கேட்டதற்கு வருவோம். முண்டிக்கும் சுரங்கமும் இரண்டு தனி விஷயங்கள். அந்தக் காலத்தில் சுரங்கக் கழிவுக் கல்லைப் போட்டுக் கான்கிரீட் பிளாக் செய்தார்கள். அதிலுள்ள பைரைட் ஈரமும் காற்றும் பட்டு அமிலமாகிச் சுவரை உள்ளிருந்தே உதிர்க்கும். அதுதான் முண்டிக். சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். 'ஏ' என்று வந்தால் கவலை இல்லை, 'சி' என்றால் கடன் கிடைப்பது கஷ்டம். விற்பவரிடம் பழைய ரிப்போர்ட் இருக்கலாம், முதலில் அதைக் கேளுங்கள். சுரங்கத்துக்கு மைனிங் சர்ச், அதாவது அடியில் பழைய சுரங்கம் இருக்கிறதா என்று பதிவுகளில் தேடுவது, அதை வக்கீலே எடுத்துத் தருவார். கருங்கல் பூமி என்பதால் நிலத்திலிருந்து கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் அளவையும் விசாரியுங்கள். அப்புறம், வெள்ளிக்கிழமைக் கெடுவை நினைத்துக் கலங்காதீர்கள். இங்கிலாந்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் வரை நீங்கள் விலகிக்கொள்ளலாம். வீடு எந்த வருடத்தது? சுவர் கல்லா, பிளாக்கா? அதைச் சொல்லவே இல்லையே.

புதுசா வந்தவன்: 1930களில் கட்டியதாம் அண்ணா. முன்பக்கம் கருங்கல். பின்னால் நீட்டிய சமையலறை மட்டும் பிளாக் மாதிரி தெரிகிறது. பழைய ரிப்போர்ட் இருக்கிறதா என்று காலையில் ஏஜென்டிடம் கேட்கிறேன்.