ரோடாக்ஸ் 912-க்கு மின்சாரப் பிட்ச் ஹப்: மோட்டார் எவ்வளவு பெரிது வேண்டும்?

யலகங்கா_பட்டறை:
வணக்கம். பெங்களூரு ஜக்கூர் பக்கம் நாலு பேர் சேர்ந்து கட்டும் இரண்டு இருக்கை விமானம். எஞ்சின் ரோடாக்ஸ் 912 யு.எல்.எஸ். 2, 100 குதிரைத்திறன். மூன்று பிளேடு காம்போசிட் ப்ரொப்பல்லர், விட்டம் 1.73 மீட்டர். பிளேடு ஒன்று 2 கிலோ, அதன் எடைமையம் நடு அச்சிலிருந்து 30 செ.மீ. இப்போது தரையில்தான் கோணம் மாற்ற முடிகிறது. பறக்கும்போதே மாற்றுகிற ஹப் (பிளேடுகளைப் பிடித்திருக்கும் நடுப்பகுதி) செய்ய வேண்டும். ஹைட்ராலிக்கா, மின்சாரமா? மோட்டாருக்கு எவ்வளவு முறுக்குவிசை? ஃபைன் ஸ்டாப், அதாவது பிளேடு சிறு கோணப் பக்கம் இதற்கு மேல் போகாதபடி நிறுத்தும் தடை, எங்கே வைப்பது?

கியர்_பெட்டி:
முதல் கேள்விக்கு எஞ்சின் பெயரிலேயே பதில் இருக்கிறது. கடைசி எண் 2 என்றால் ஹைட்ராலிக் கவர்னர் (எண்ணெய் அழுத்தத்தால் பிளேடு கோணத்தை மாற்றும் கருவி) பூட்ட இடம் கிடையாது; அது 3 என்று முடியும் வகையில்தான் உண்டு. ஆகவே மின்சாரம்தான். புது யோசனை என்று தயங்க வேண்டாம், 1927-இல் கனடாவில் பறக்கவிட்டுச் சோதிக்கப்பட்ட டர்ன்புல் என்பவரின் ப்ரொப்பல்லரும் மின்மோட்டாரால் கோணம் மாற்றியதுதான்.

மோட்டாரைக் கடைசியில் பாருங்கள், முதலில் பிளேடைப் பிடித்து நிறுத்தும் பேரிங். எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்றில் ஓடும்போது 2.43 கியர் விகிதத்தில் ப்ரொப்பல்லர் 2,387 சுற்று, அதாவது நொடிக்கு 250 ரேடியன். 2 × 0.30 × 250² = 37,500 நியூட்டன். ஒவ்வொரு பிளேடும் வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும் விசை 3.8 டன்.

இதை வெண்கலப் புஷ்ஷில் தாங்கினால் உராய்வுக் கெழு 0.1, ஆரம் 25 மி.மீ. என்று வைத்தாலும் பிளேடுக்கு 94 நியூட்டன் மீட்டர் உராய்வுக்கே போய்விடும். பந்து பேரிங் போட்டால் 3 தாண்டாது. மோட்டார் திணறுகிற ஹப்புகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

அடுத்தது, சுழலும் பிளேடு தானாகவே ஃபைன் பக்கம் திரும்பப் பார்க்கும். நீளவாக்கு அச்சில் நிலைமத்திருப்பம் 0.0012 கி.கி.மீ.² என்று கொண்டால் 20 டிகிரியில் ஏறக்குறைய 24 நியூட்டன் மீட்டர், மூன்றுக்கும் 72. உங்கள் பிளேடைக் கம்பியில் தொங்கவிட்டு ஊசலாட்டி உண்மையான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1 டிகிரி திருப்ப 1.3 வாட் போதும். திருகின் இழப்பையும் சேர்த்து 20 வாட் மோட்டார் தாராளம்.

மோட்டாரின் சுழற்சியைத் தள்ளலாக மாற்றும் திருகுக்கு, உள்ளே குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ மட்டும் வேண்டாம். கரன்ட் போனால் பிளேடே அதைப் பின்னுக்குச் சுழற்றி ஃபைனுக்கு ஓடும், எஞ்சின் எகிறும். சரிவகப் பல் கொண்ட ட்ரெப்பிசாய்டல் மரை, ஏற்றக்கோணம் 4 டிகிரிக்குள். அதிர்வில் அதுவும் மெல்ல நழுவலாம், அதனால் மோட்டாருக்குப் பின்னால், எளிதில் பின்னுக்குச் சுழலாத வார்ம் கியரும் வையுங்கள்.

தட்டுமரை:
ஸ்டாப் பற்றி. மைக்ரோ சுவிட்ச் மோட்டாரை நிறுத்த மட்டும்தான். அது ஒட்டிக்கொண்டாலும் பிளேடு தாண்டாதபடி எஃகுத் தடை கட்டாயம் வேண்டும். காற்றில்லாத காலையில், விமானத்தைக் கட்டி வைத்து முழு திராட்டிலில் 5,600 வரும்படி ஃபைன் தடையை வையுங்கள். ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது சுற்று கூடும். 5,800-க்கு 5 நிமிடம்தான் அனுமதி, தொடர்ந்து ஓட்ட 5,500.

பெங்களூரு 900 மீட்டர் உயரம் என்பதால் கணக்கே மாறும் என்று பலர் பயப்படுகிறார்கள். காற்று இளைத்தால் எஞ்சின் பலமும் குறையும், பிளேடின் சுமையும் ஏறக்குறைய அதே அளவு குறையும். எஞ்சின் கொஞ்சம் கூடுதலாக இழப்பதால் சென்னையில் இறங்கினால் 30, 40 சுற்று அதிகம் வரும், அவ்வளவே.

கோர்ஸ் (பெரிய கோணம்) பக்கம் பேராசை வேண்டாம். மணிக்கு 200 கி.மீ., 5,500 சுற்று என்றால் முக்கால் ஆரத்தில் காற்றின் கோணம் 20 டிகிரி. பிளேடு காற்றைச் சந்திக்கும் தாக்குகோணம் 3 சேர்த்து 23. தடையை அங்கேயே வையுங்கள். மோட்டார் கோர்ஸில் செத்துப்போனால், இறங்க வந்து மறுபடி மேலேற வேண்டியபோது அந்தக் கோணத்தோடுதான் ஏறியாக வேண்டும்.

யலகங்கா_பட்டறை:
நன்றி சார். ஹப்பை எப்படிச் சோதிப்பது? சுழலும் ஹப்புக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஸ்லிப் ரிங்கில் என்ன கெடும்?

கியர்_பெட்டி:
ப்ரொப்பல்லர்களுக்கான அமெரிக்க விமான விதி பகுதி 35, ஹப்பும் பிளேடுப் பிடிப்பும் உச்ச மையவிலக்கு விசையின் இரு மடங்கை 1 மணி நேரம் தாங்க வேண்டும் என்கிறது. உங்களுக்கு 75 கிலோ நியூட்டன். 100 கிலோ நியூட்டன் இழுவிசை இயந்திரம் பெரிய பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும். உண்மையான பிளேடின் அடித்துண்டைப் பூட்டி இழுங்கள். எஃகுப் போலியை மாட்டினால் ஒட்டுப் பசையின் பலவீனம் தெரியாது.

ஸ்லிப் ரிங்கில் கார்பன் தூள் இரண்டு வளையங்களுக்கு நடுவே படிந்து கசிவு உண்டாக்கும். நடுவில் 2 மி.மீ. உயரத்துக்கு மின்காப்புத் தடுப்பு, வளையத்துக்கு இரண்டு பிரஷ். கை எட்டும் இடத்தில் பிரேக்கர். தரையில் 1 மணி நேரம் ஓட்டியதும் பிரித்துப் பாருங்கள். அலுமினியம் உரசினால் கறுப்புத் தூள், எஃகு உரசினால் சிவப்பு. எது தெரிந்தாலும் பேரிங்கின் முன்சுமையை (பூட்டும்போதே கொடுக்கும் இறுக்கம்) திருத்தாமல் மறுபடி ஓட்ட வேண்டாம்.