மகளோடு மலைநாட்டில் சைக்கிள் பயணம்: எந்தப் பாதை பாதுகாப்பானது?

கேள்வி: யாழ்ப்பாணம், கொக்குவிலிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 48 வயது. மகளுக்கு 19. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே நாங்கள் இருவரும் ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பிச் சைக்கிளில் போவது வழக்கம். கீரிமலை, பருத்தித்துறை, பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வரை போயிருக்கிறோம். ஒரு நாளில் 70 கிலோமீற்றர் ஓடினாலும் அவளுக்குக் களைப்புத் தெரியாது. ஆனால் இவை எல்லாம் சமதரை. பெயரில் மலை இருந்தாலும் கீரிமலையில் ஏற ஒரு மேடு கிடையாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே ஏற்றம் பண்ணைப் பாலத்தில் முகத்துக்கு நேரே அடிக்கும் காற்றுத்தான்.

இப்போது அவள் கேட்பது மலைநாடு. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஐந்தாறு நாள் சைக்கிள் ஓட வேண்டுமாம். நான் வரைபடத்தைப் பார்த்துப் போட்ட திட்டம் இது: கண்டி வரை பஸ். அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா. பிறகு வெலிமடை, பண்டாரவளை, எல்ல. எல்லவிலிருந்து வெல்லவாய இறக்கத்தோடு முடிப்பது.

திட்டம் போட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. 2025 மே மாதம் றம்பொடைக்குக் கிட்ட, கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே வருடம் செப்ரெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ் விழுந்தது. என் திட்டத்தின் தொடக்கமும் முடிவும் அந்த இரண்டு வீதிகள்தான். வேண்டாம் என்று சொன்னால் மகள் கேட்பாள், ஆனால் அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது உண்மையான நிலைமையைச் சொல்லுங்கள். மாசிக் கடைசியில் போக எண்ணியிருக்கிறோம்.

பதில் 1: பண்டாரவளையிலிருந்து

ஐயா, வணக்கம். நான் அப்புத்தளைக்குக் கிட்ட ஒரு தோட்டத்தில் பிறந்தவன். நான்கு வருடம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அங்குள்ள திருநெல்வேலியில் தங்கியிருந்தேன். அதனால் உங்கள் றோட்டும் தெரியும், எங்கள் றோட்டும் தெரியும்.

மகளைத் தாராளமாகக் கூட்டி வாருங்கள். திட்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீற்றர்தான். மூச்சு வாங்கினால் இறங்கி உருட்டலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடிபடுவது இறக்கத்தில். எனக்குப் பதினேழு வயதில் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்கினேன். ஹக்கலைத் தோட்டம் தாண்டியதிலிருந்து பிறேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்ததில் றிம் சூடேறி, ஒரு வளைவில் முன் ரியூப் வெடித்தது. நல்ல காலம், மலைப்பக்கக் காணுக்குள் விழுந்தேன். இடது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. எதிரே பஸ் வந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே செங்குத்தான பெரிய வீதிகளில் ஏறுங்கள், இறங்காதீர்கள். எல்ல - வெல்லவாய இறக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். எல்ல 1,000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது, வெல்லவாய கிட்டத்தட்டச் சமவெளி. இராவணன் எல்ல அருவிக்கு முன்னால் சுற்றுலா வான்கள் கண்டபடி நிற்கும். கதிர்காமப் பஸ்களும் அதே வீதியில்தான். கம்பளை - றம்பொடை வீதியும் அழகுதான், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அது கண்டியையும் நுவரெலியாவையும் இணைக்கும் பிரதான வீதி. ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் விட்டுப் போட்ட வீதி இல்லை.

நான் சொல்வது இதுதான். அப்புத்தளையில் அறை எடுத்து மூன்று இரவு தங்குங்கள். பைகளை அறையில் வைத்துவிட்டு வெறும் சைக்கிளில் ஓடுங்கள். பாரம் இல்லாத சைக்கிள் நீங்கள் சொன்ன இடத்தில் நிற்கும்.

முதல் நாள் தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை வரை போங்கள். ஏறத்தாழ 10 கிலோமீற்றர். மலையின் விலாவைச் சுற்றிப் போகும் தோட்ட றோட்டு, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. தோட்ட பஸ், ஓட்டோ, கொழுந்து ஏற்றும் லொறி, இவ்வளவும்தான் போக்குவரத்து. றோட்டு ஒடுக்கம் என்பதால் அவையும் ஓட முடியாது, ஊர்ந்துதான் வரும். தொழிற்சாலையை 1890இல் தேயிலை வியாபாரி லிப்டன் கட்டினார். போகும்போது மலை உங்கள் இடது கைப்பக்கம், திரும்பும்போது பள்ளம் இடது கைப்பக்கம். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் எதிரே லொறி வந்து ஒதுங்க வேண்டி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறோம் என்பதுதான் எல்லாம். திரும்பி வரும்போது லொறி தெரிந்த உடனேயே இறங்கி நின்றுவிடுங்கள். மகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாம் நாள் உடம்பு இடம் கொடுத்தால் தொழிற்சாலைக்கு மேலே லிப்டன் ஆசனம் என்ற காட்சிமுனை. இன்னும் 7 கிலோமீற்றர் ஏற்றம். விடியக் காலையிலேயே மேலே இருக்க வேண்டும். ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிட்டால் கைக்கெட்டும் தேயிலைச் செடியும் தெரியாது. அங்கிருந்து இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நிறுத்தி, றிம்மைத் தொட்டுப் பார்த்து, ஆற விட்டுப் புறப்படுங்கள். கட்டாயம்.

மூன்றாம் நாள் பெரிய வீதியை விட்டுத் தியத்தலாவை வழியாகப் பண்டாரவளைக்கு வாருங்கள். தூரம் குறைவு, பகல் முழுவதும் கையில் இருக்கும். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்குப் போய், ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் நுவரெலியாவுக்கு ஏறுங்கள். வெலிமடையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீற்றர். நான் விழுந்த அதே றோட்டுத்தான். ஏறுகிறவருக்கு அது நல்ல றோட்டு. இரண்டு பக்கமும் மரக்கறித் தோட்டம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இரவில் குளிர் எலும்பில் இறங்கும், தடித்த உடுப்பு கொண்டு வாருங்கள்.

மாசிக் கடைசி நல்ல தெரிவு. மார்கழி, தையில் எங்கள் ஊவாப் பக்கம் மழை. மே முதல் ஹட்டன் பக்கம் மழை. ஏப்ரலில் நுவரெலியா சீசன், வாகன நெரிசலில் மனிதன் நடக்க முடியாது.

மண்சரிவையும் சொல்ல வேண்டும். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை எங்கள் ஆட்கள் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டில் எத்தனையோ இடத்தைப் புரட்டிப் போட்டது. இரவு கனமழை பெய்திருந்தால் அடுத்த நாள் சைக்கிளை எடுக்காதீர்கள், வெயில் எறித்தாலும் எடுக்காதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றாலே அறையில் இருங்கள்.

பதில் 2: யாழ்ப்பாணம், சைக்கிள் திருத்துகிறவன்

அண்ணை, தம்பி சொன்ன றிம் சூட்டைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு சோடி பிறேக் கட்டை வருடக்கணக்கில் நிற்கும். காரணம், நாங்கள் பிறேக்கே பிடிப்பதில்லை. கால் மிதிப்பதை நிறுத்தினாலே சைக்கிள் நின்றுவிடும். மலையில் அதே கட்டை ஒரு மழை நாளில் தேய்ந்து போகலாம். புதுக் கட்டை போட்டு, இன்னொரு சோடியைப் பையில் வையுங்கள். முன்னும் பின்னும் கேபிளை மாற்றுங்கள். கடற்காற்றுக்கு உள்ளே துருப்பிடித்திருக்கும், வெளியே தெரியாது.

கியர் இல்லாத சைக்கிளில் போகவே வேண்டாம். என் கடையில் இப்போது நிற்கும் ஒரு வீட்டுச் சைக்கிளில் முன்னுக்கு 44 பல், பின்னுக்கு 18. ஒரு மிதிக்கு ஐந்து மீற்றருக்கு மேல் போகும். மலையில் அதை யாராலும் மிதிக்க முடியாது. முன்னுக்கு 22, பின்னுக்கு 32 பல் உள்ள மலைச் சைக்கிள் ஒரு மிதிக்கு ஒன்றரை மீற்றர்தான் போகும். மெதுவாக என்றாலும் மேலே கொண்டு போய்விடும். மகளின் சைக்கிளைத்தான் முதலில் பாருங்கள். அப்பாமார் தங்கள் சைக்கிளைத் திருத்திவிட்டுப் பிள்ளையின் சைக்கிளை அப்படியே கொண்டு போவதைக் கண்டிருக்கிறேன்.

இறங்கும்போது இரண்டு பிறேக்கையும் அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு வர வேண்டும். தொடர்ந்து பிடிக்கக் கூடாது. வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் போன பிறகு முன் பிறேக்கைத் தொடக் கூடாது.

சைக்கிளை ரயிலில் பார்சலாகப் போடலாம். எங்கள் ரயில் பொல்காவலையில் நிற்கும்போது இறங்கினால், மலைப்பாதை ரயில் அங்கிருந்துதான் பிரியும். எது வரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் 3: ஹட்டனிலிருந்து, ஆசிரியை

நான் சைக்கிள் ஓடுவதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவள் என்பதால் மகளுக்காகச் சில வார்த்தை.

தோட்ட றோட்டில் பெண்பிள்ளை வருவதை யாரும் வேற்றாகப் பார்க்க மாட்டார்கள். கொழுந்து எடுக்கும் அக்காமார்தான் உங்களுக்கு வழிகாட்டி. கீழே பாலம் உடைந்திருக்கிறதா, எந்தப் பக்கம் நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தமிழில்தான் கேட்கப் போகிறீர்கள். நின்று கேளுங்கள். ஈரமான இடத்தில் புல்லில் உட்கார வேண்டாம், அட்டை ஏறும். ஏறினால் பிய்க்காமல் உப்பை வையுங்கள்.

பின்னேரம் இரண்டு மணிக்கு முன்னர் அறைக்குத் திரும்பிவிடுங்கள். அதற்குப் பிறகு பனியும் மழையும் சொல்லாமல் வரும். அவசரம் என்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் வளைவு றோட்டில் வந்து சேர நேரம் எடுக்கும் என்பதை நினைவில் வைத்து ஓடுங்கள்.

மீண்டும் கேள்வி கேட்டவர்

தம்பி, ரீச்சர், சைக்கிள் கடைத் தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு மகளையும் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் வாசித்தேன். றம்பொடையும் வெல்லவாயவும் திட்டத்திலிருந்து போய்விட்டன. எல்லவையும் விட்டுவிட்டோம். அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, கொப்பியை எடுத்து அப்புத்தளை என்று எழுதிக் கீழே கோடு போட்டாள். மீரியபெத்தை எங்கே என்று வரைபடத்தில் தேடிப் பார்த்தாள். அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் ஒரு நாள் போய் வரலாமா என்று கேட்கிறாள். போவோம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவளுடைய பின் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி, உள்ளே முழுக்கத் துரு. இன்று இரண்டு சைக்கிளையும் கடையில் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் தம்பி. தம்பேதன்னைக்கு விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டால், அந்த நேரம் அப்புத்தளையில் சாப்பிட ஏதாவது கிடைக்குமா? அவள் வெறும் வயிற்றோடு ஓட மாட்டாள்.

பதில் 1 எழுதியவர்

கிடைக்கும் ஐயா. பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஐந்தரைக்கே ரொட்டி போடத் தொடங்கிவிடுவார்கள். தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சூடாக வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். அங்கே சாப்பிடாமல் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடிவிட்டு, தெற்குப் பக்கம் திறந்து கிடக்கும் ஒரு வளைவு வரும், அந்தச் சுவரில் இருந்து சாப்பிடுங்கள். நான் அன்றைக்கு வேலை இல்லாமல் இருந்தால் என் சைக்கிளோடு வந்து சேர்கிறேன்.