இடம் மாறிய 'ந': பழைய ஆங்கிலச் சொற்களுக்கு உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஓர் எழுத்து இடம் தாவியதால் உருமாறிய ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வருகிறேன். ஏப்ரன் (சமைக்கும்போது உடைமேல் கட்டும் துணி) முதலில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்றதை 'ஆன் ஏப்ரன்' என்று காதில் வாங்கி, 'ந'வைத் தொலைத்துவிட்டார்கள். அம்பயரும் அப்படித்தான். நிக்நேம் இதற்கு நேரெதிர்: கூடுதல் பெயர் என்ற பொருளில் இருந்த 'ஈக்நேம்', 'ந'வைச் சேர்த்துக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 'நங்கிள்'. 'மைன் அங்கிள்' (என் மாமா) ஒட்டிப் பிறந்த சொல். 1608-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் கிங் லியர் நாடகத்தில் கோமாளி அரசனையே வாய்க்கு வாய் அப்படித்தான் கூப்பிடுகிறான்! அத்தைக்கும் 'நான்ட்' என்று ஒன்று இருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியை நூலகம் வழியாகப் பார்க்க முடிந்தவர்கள், இவ்விரண்டுக்கும் அதில் காட்டியிருக்கும் முதல் சான்று எந்த ஆண்டு என்று பார்த்துச் சொல்வீர்களா? மேற்கோள் வரியும் கிடைத்தால் பெரிய உதவி. இப்படி 'ந' ஒட்டிய வேறு உறவுமுறைச் சொற்கள் தெரிந்தாலும் எழுதுங்கள்.