நவீன இயற்பியல் எனக்குப் பிடிபட்டது ஆய்வகத்தில்தான்

கல்லூரியில் நவீன இயற்பியலைத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ஆய்வக வகுப்பை மதிப்பெண்ணுக்கான சடங்காக நினைத்துவிடாதீர்கள். ஒளியின் ஆற்றல் தனித்தனிப் பொட்டலங்களாகவே வருகிறது என்ற குவாண்டம் கருத்து என் மனதில் உறைத்தது, உலோகத்தில் ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் வெளியேறும் ஒளிமின் விளைவுப் பரிசோதனையில்தான்.

இந்த விளைவுக்கு 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த சமன்பாடு பள்ளியிலேயே மனப்பாடம். கணக்கும் போட்டுவிடுவேன். அதில் அப்படி என்ன புதுமை என்று மட்டும் தெரியாது. ஆய்வகத்தில் பாதரச விளக்கு, நிற வடிப்பான்கள், ஒளிமின் குழாய், ஒரு வோல்ட்மீட்டர். மஞ்சள் ஒளியை விழச் செய்து எதிர் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், ஓரிடத்தில் மின்னோட்டம் சுழியாகும். அதுதான் நிறுத்து மின்னழுத்தம்; வெளியேறும் எலக்ட்ரானின் அதிகபட்ச ஆற்றலை அது காட்டும். சரி, அப்புறம் ஒளியின் செறிவைக் கூட்டினோம். எதிர் மின்னழுத்தம் இல்லாதபோது ஓடும் மின்னோட்டம் மளமளவென்று ஏறியது. நிறுத்து மின்னழுத்தம் அசையவே இல்லை! ஒளி வெறும் அலை என்றால், செறிவு கூடக்கூட எலக்ட்ரானின் ஆற்றலும் கூடியிருக்க வேண்டும். வடிப்பானை மாற்றி 405 நானோமீட்டர் ஊதா ஒளிக்குப் போனதும், 577 நானோமீட்டர் மஞ்சளுக்கு இருந்ததைவிட ஏறக்குறைய 0.9 வோல்ட் கூடுதலாகத் தேவைப்பட்டது. நிறுத்து மின்னழுத்தத்தை ஒளியின் அதிர்வெண்ணோடு சேர்த்து வரைந்தால் நேர்கோடு. அதன் சாய்வை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால், ஒளியின் அதிர்வெண்ணையும் ஆற்றலையும் இணைக்கும் பிளாங்க் மாறிலி கையில்!

எங்களுக்குக் கிடைத்த மதிப்பு சற்றுக் குறைவுதான். குழாயின் நேர்மின்வாயிலிருந்தும் சில எலக்ட்ரான்கள் கிளம்பி எதிர்த்திசையில் ஓடுவதால், மின்னோட்டம் சுழியாகும் புள்ளி நகர்ந்துவிடும். இதைத் தேடிக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் சரியான விடை வந்திருந்தால்கூட வந்திருக்காது. இதே அளவீட்டை அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் பல ஆண்டுகள் செய்தார். ஒளித்துகள் என்ற எண்ணத்தையே அவர் ஏற்கவில்லை; ஆனாலும் 1916-இல் வெளியிட்ட முடிவுகள் ஐன்ஸ்டைனின் சமன்பாட்டுக்கு அப்படியே பொருந்தின. தனக்குப் பிடிக்காத முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த நேர்மைதான் எனக்கு இயற்பியல்.

சார்பியலில் இவ்வளவு திணறவில்லை. எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவான் என்ற துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி; ஒளியின் வேகத்தில் போனாலும் சுமார் 660 மீட்டர்தான் தாண்டும். வளிமண்டலத்தில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறப்பவை தரைவரை வந்து சேர்கின்றன என்றால், வேகமாகப் போகும் பொருளுக்குக் காலம் மெதுவாக ஓடுகிறது என்னும் கால நீட்டிப்பை நம்பாமல் என்ன செய்வது?

உண்மையில் கஷ்டமாக இருந்தது கணிதம்தான். குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டுக்குள் போகுமுன் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் நேரியல் இயற்கணிதத்தையும் கொஞ்சமாவது பழகிக்கொள்ளுங்கள். ஐகன் மதிப்பு என்றால் என்னவென்று அணிகளில் போட்டுப் பார்த்தவருக்கு, பெட்டிக்குள் அடைபட்ட துகள் ஏன் குறிப்பிட்ட சில ஆற்றல்களை மட்டுமே ஏற்கிறது என்பது இரண்டு பக்கக் கணக்கில் விளங்கிவிடும்.